கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க: விரலா, விளக்கா, மெஷினா?

வங்கிக் கவுன்ட்டரில் நீட்டிய கட்டுக்குள் ஒரு ஐந்நூறு ரூபாய்க் கள்ளநோட்டு இருந்தால், அதற்கு ஒரு பைசாகூடத் திரும்ப வராது. காசாளர் அதன்மேல் கள்ளநோட்டு என்று முத்திரை குத்தி எடுத்து வைத்துக்கொள்வார். உங்கள் கைக்கு ஒரு ரசீது வரும், அவ்வளவுதான். மாற்று நோட்டும் கிடையாது, கணக்கில் வரவும் கிடையாது. கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் தலையில்தான் நட்டம். அதனால் கடைக்கு எந்தச் சோதனை முறை சரிப்படும் என்று எடைபோடும்போது ஒரே உரைகல்லை வைத்துக்கொள்ளலாம்: நோட்டு கல்லாவுக்குள் விழும் முன்பே, கொடுத்தவர் எதிரே நிற்கும்போதே, அந்த முறை பதில் சொல்லிவிடுகிறதா?

ரிசர்வ் வங்கியின் 2024-25 ஆண்டறிக்கைப்படி, அந்த ஆண்டில் வங்கிகளில் பிடிபட்ட கள்ளநோட்டுகள் 2,17,396. இவற்றில் புதிய வடிவ ஐந்நூறு ரூபாய் மட்டும் 1,17,722. முந்தைய ஆண்டைவிட 37.3 சதவீதம் கூடுதல். இருநூறு ரூபாய் 32,660. இதெல்லாம் வங்கி வரை வந்து சேர்ந்த கணக்கு. சந்தையில் கைமாறிக்கொண்டிருப்பவை இதில் வராது. ஆகவே கவனத்தில் பெரும்பங்கை ஐந்நூறுக்கும், மிச்சத்தில் பாதியை இருநூறுக்கும் கொடுப்பதே சரி. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டே அடிப்படை.

கண்ணும் விரலும்

செலவில்லாத முறை இது. ஒழுங்காகப் பழகியவர் கையில் மற்ற எல்லா முறைகளையும் மிஞ்சுவதும் இதுதான். ஆனால் பலர் இதைத் தவறான வரிசையில் செய்கிறார்கள். நோட்டை வாங்கியதும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிக் காந்தி நிழல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். கள்ளநோட்டு அடிப்பவரும் இதை அறிந்தவர்தான். காந்தி நிழலைப் போலியாகச் செய்வதில்தான் அவர் முதலில் மெனக்கெடுகிறார்: வெள்ளையோ சாம்பல் நிறமோ உள்ள மையால் முகத்தை அச்சிடுவார், அல்லது மெல்லிய இரண்டு தாள்களுக்கு நடுவே உருவத்தை வைத்து ஒட்டிவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது நிறம் மாறும் இடங்களை. ஐந்நூறு ரூபாயில் அப்படி இரண்டு உண்டு. ஒன்று, நோட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பாதுகாப்பு இழை. இன்னொன்று, முன்பக்கம் வலது கீழ் மூலையில் ரூபாய்க் குறியோடு இருக்கும் 500 என்ற எண். நேராகப் பார்த்தால் இரண்டும் பச்சை. நோட்டைச் சாய்த்தால் நீலம். சாய்க்க ஒரு நொடி போதும், நோட்டைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், வாடிக்கையாளர் சந்தேகப்பட்டதாக முகம் சுளிக்கவும் மாட்டார். கலர் பிரின்டரால் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவே முடியாது. பச்சை பச்சையாகவே நிற்கும். சிலர் பளபளக்கும் பச்சை மையையோ மினுக்குத் தாளையோ பயன்படுத்துகிறார்கள். அது சாய்க்கும்போது மின்னும், ஆனால் நீலமாகாது. மின்னுவதையும் நிறம் மாறுவதையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தச் சோதனையில் நடக்கும் பெரிய தவறு. இரவு நேரத்தில், மஞ்சள் விளக்கு எரியும் பெட்ரோல் பங்கிலோ சாலையோரக் கடையிலோ பச்சையும் நீலமும் பிரிந்து தெரியாது. அங்கே செல்போன் டார்ச்சின் வெள்ளை ஒளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது விரல். முன்பக்கம் இடது, வலது ஓரங்களில் ஐந்து ஐந்து சாய்ந்த கோடுகள் மேடாக அச்சாகியிருக்கும். வலது பக்கம் 500 என்ற எண் கொண்ட வட்டமும், அசோகத் தூண் சின்னமும், நடுவிலுள்ள காந்தி உருவமும் அப்படியே மேடானவை. பார்வையற்றவர்களுக்காக வைத்த இந்த அடையாளங்கள் எல்லோருக்கும் பயன்படும். நகத்தின் நுனியால் ஓரக்கோடுகளைக் குறுக்கே வருடினால் சொரசொரவென்று தடுக்கும். சாதா அச்சில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. பல ஆண்டு கைமாறிய நோட்டில் ஓரக்கோடுகள் தேய்ந்திருக்கும். மேடு இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பழைய நோட்டைத் தள்ளக் கூடாது. ஆனால் மொடமொடப்பான புது நோட்டில் மேடே இல்லையென்றால் சந்தேகம் நியாயமானது.

தாளின் தன்மையும் இங்கேதான் பேசும். ரூபாய் நோட்டுத் தாள் மரக்கூழில் செய்ததல்ல, பருத்தியில் செய்தது. கசக்கி விட்டால் துணிபோல் மீண்டு வரும். ஒட்டிய இரட்டைத் தாள் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும், மூலைகளில் பிரியும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. பார்க்க வேண்டியவை மூன்று. காந்தி நிழலில் முகத்தின் மேடு பள்ளம் தெரியும்படி வெளிச்சமும் இருளும் படிப்படியாகக் கலந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே 500 என்ற எண் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். போலி நிழல் தட்டையாக, விளிம்பு வெட்டியதுபோல் இருக்கும், மேசைமேல் வைத்துப் பார்த்தாலே கறைபோலத் தென்படும். இரண்டாவது, பாதுகாப்பு இழை. மேசைமேல் வைத்தால் விட்டு விட்டுத் தெரியும் அது, வெளிச்சத்தில் ஒரே கோடாக முழுதாக ஓட வேண்டும். அச்சிட்டோ ஒட்டியோ செய்த இழை வெளிச்சத்திலும் துண்டு துண்டாகவே நிற்கும். காந்தி நிழலைவிட இது நம்பகமானது, ஏனென்றால் இழை தாள் தயாராகும்போதே அதற்குள் புதைக்கப்படுகிறது. மூன்றாவது, இடப்பக்கம் முன்னும் பின்னும் பாதி பாதியாக அச்சான 500 என்ற எண். வெளிச்சத்தில் இரண்டு பாதியும் இம்மி பிசகாமல் சேர வேண்டும்.

தமிழ் வாசகருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. பின்பக்கத்தில் 15 மொழிகளில் மதிப்பை எழுதிய பட்டியில் கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். பழகிய எழுத்தில் சுழியும் புள்ளியும் கலங்கியிருந்தால் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எழுத்துப் பிழையும் நடக்கக்கூடியதே: 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் எச்சரித்த ஐந்நூறு ரூபாய்க் கள்ளநோட்டில், ஆங்கிலத்தில் ரிசர்வ் என்ற சொல்லில் ‘ஈ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ அச்சாகியிருந்தது. ஆனால் பிழை தேடுவதை முதன்மைச் சோதனையாக வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த அச்சில் அந்தப் பிழை திருத்தப்பட்டிருக்கும்.

மற்ற மதிப்புகளுக்கு இந்த வரிசையை அப்படியே பொருத்த வேண்டாம். இருநூறு ரூபாயில் இழையும் மூலை எண்ணும் நிறம் மாறும். ஓரக்கோடுகள் நான்கு, நடுவே இரண்டு சிறு வட்டங்கள். ஊதா நிற நூறு ரூபாயில் இழை மட்டுமே மாறும், மூலை எண் மாறாது. அதைப் பார்த்து நல்ல நோட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஐம்பது, இருபது, பத்தில் நிறமாற்றமே கிடையாது.

பத்து மடங்கு லென்ஸ்

நகைக்கடைகளில் கல்லைப் பார்க்க வைத்திருக்கும் சின்ன லென்ஸ்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பேட்டரி வேண்டாம், பழுதாகாது. கடைக்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளாத கருவி இது, அது வருத்தத்துக்குரியது. காந்தியின் முகத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான நோட்டில் முகம் முழுவதும் கூர்மையான, தொடர்ச்சியான கோடுகளால் ஆனது. பிரின்டரில் அடித்ததில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கருப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். உருவத்தை ஒட்டி ‘பாரத்’ என்று தேவநாகரியிலும் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்திலும் உள்ள நுண்ணெழுத்துகள் உண்மையில் படிக்கும்படி இருக்கும். போலியில் கலங்கிய கோடாகிவிடும். நோட்டு எவ்வளவு தேய்ந்திருந்தாலும், துவைத்திருந்தாலும் கோடு புள்ளியாக மாறாது. யூவி (புறஊதா) விளக்கும் மெஷினும் தடுமாறும் நோட்டுகளை இது தீர்த்துவைக்கும். குறை ஒன்றுதான், நேரம். ஒரு நோட்டுக்குப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். எல்லா நோட்டுக்கும் அல்ல, சந்தேகம் வந்த நோட்டுக்கு.

யூவி விளக்கு

கடைகளில் அதிகம் விற்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பருத்தித் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இல்லாததால் உண்மையான நோட்டு புறஊதா ஒளியில் மங்கலாகவே கிடக்கும். அந்த மங்கலான பரப்பில் எண் வரிசை ஒளிரும், இழை ஒளிரும், தாளுக்குள் கலந்த நுண்ணிய நார்கள் அங்கங்கே நிறமாகத் தெரியும். சாதாரணப் பிரின்டர் தாளோ முழுவதும் நீல வெள்ளையாகப் பளீரென்று எரியும்.

வாங்கும்போது அலைநீளத்தைப் பாருங்கள். மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி நிறைய வழிவதால் நார்களின் மங்கலான ஒளிர்வு அதற்குள் மறைந்துவிடும். 365 நானோமீட்டர் விளக்கு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். வாசலை ஒட்டி வெயில் விழும் கவுன்ட்டரில் எந்த யூவி விளக்கும் பயன்படாது. மேசைக்குக் கீழேயோ, மூன்று பக்கம் மறைத்த பெட்டிக்குள்ளோ வைக்க வேண்டும். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கேடு.

இந்த முறை இரண்டு திசையிலும் ஏமாறும். சட்டைப்பையோடு துவைத்த நல்ல நோட்டு, சோப்புத்தூளிலுள்ள வெண்மையூட்டியை உறிஞ்சிக்கொண்டு போலித் தாள்போல எரியும். இதனால் நல்ல நோட்டைக் கிழித்துப்போட்டவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம், ஒளிராத தாளைத் தேடிப்பிடித்து நார்களையும் அச்சிட்டுவிடும் கள்ளநோட்டுகள் உண்டு. அவற்றைப் பிடிக்க வழி இருக்கிறது. உண்மையான தாளில் நார்கள் கூழில் தற்செயலாகக் கலந்தவை. இரண்டு நோட்டில் ஒரே இடத்தில் வராது. சந்தேகப்படும் இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் வைத்து, நார்கள் ஒரே அமைப்பில் இருந்தால் இரண்டும் போலி. அப்படியே வரிசை எண்களையும் ஒத்துப் பாருங்கள். எண்ணோடு, எண் பகுதியில் அச்சான தனி எழுத்து, அச்சான ஆண்டு, ஆளுநர் கையெழுத்து என எல்லாமே ஒன்றாக இரண்டு நோட்டில் இருக்கவே முடியாது.

பேனா வேண்டவே வேண்டாம்

கள்ளநோட்டைக் காட்டும் பேனா என்று விற்கப்படுவதில் அயோடின் கரைசல் இருக்கிறது. மரக்கூழ்த் தாளிலுள்ள மாவுச்சத்தோடு சேர்ந்தால் அது கருக்கும், பருத்தித் தாளில் வெளிர்மஞ்சளாக நிற்கும். இது அமெரிக்க டாலர் புழங்கும் கடைகளில் பழகிய உத்தி. நம் ஊரில் கஞ்சி போட்ட சட்டையின் பையில் நோட்டு கிடந்து நனைந்திருந்தால் நல்ல நோட்டும் கருக்கும். மாவுச்சத்து இல்லாத தாளில் அடித்த போலியோ தேறிவிடும். போதாததற்கு, நோட்டில் எழுதிக் கறைப்படுத்த வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி பல காலமாகக் கேட்டுக்கொண்டு வருகிறது. காசு கொடுத்து வாங்க இதில் எதுவும் இல்லை.

செல்போன்

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட மணி என்ற செயலி, கேமராவுக்கு முன் பிடித்த நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும். பார்வையற்றவர்களுக்கு அது நல்ல துணை. நோட்டு அசலா என்பதை அது சொல்லாது, சொல்வதாக ரிசர்வ் வங்கியும் கூறவில்லை. வேறு பெயர்களில் கள்ளநோட்டைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நம்ப வேண்டாம். மேடான அச்சையும் தாளின் மங்கலையும் சாதாரணக் கேமரா அளக்க முடியாது.

கவுன்டிங் மெஷின்

நிமிடத்துக்கு ஆயிரம் நோட்டுவரை எண்ணும் மேசை மெஷின்கள் சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகின்றன. மதிப்பையும் சேர்த்துக் கூட்டும் வகைக்கு விலை ஏறும். விளம்பரத்தில் யூவி, எம்ஜி, ஐஆர் என்று மூன்று சொற்கள் இருக்கும். முதலாவது தாள் ஒளிர்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது காந்தத்தன்மையை அளப்பது. மூன்றாவது, மை அகச்சிவப்பு ஒளியை எங்கே விழுங்குகிறது, எங்கே விடுகிறது என்று அளப்பது. யூவி மட்டும் உள்ள மெஷின் என்பது, மேலே சொன்ன விளக்குக்கு மோட்டார் வைத்தது மாதிரிதான். துவைத்த நோட்டுக்கு அதுவும் கத்தும். மூன்றும் இருந்து, நோட்டின் முழு உருவத்தையும் ஸ்கேன் செய்து ஒப்பிடும் வகை நம்பகமானது. அதற்கு விலையும் பல மடங்கு.

வாங்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளை 66 மில்லிமீட்டருக்கு 150 மில்லிமீட்டர் அளவில் வெட்டி ஐந்நூறு கட்டுக்கு நடுவே வையுங்கள், நிற்க வேண்டும். பிறகு துவைத்த நல்ல நோட்டு, டேப் ஒட்டியது, பழைய பெரிய அளவு நூறு ரூபாய் (157-க்கு 73 மில்லிமீட்டர், இன்னும் செல்லும்) ஒவ்வொன்றையும் விடுங்கள். எத்தனை முறை தேவையில்லாமல் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் பத்து முறை கத்தும் மெஷினை ஊழியர் இரண்டாம் நாளே யூவியை அணைத்துவிட்டு ஓட்டுவார், அதோடு அதன் பயன் முடிந்தது. சோதனைக்காக நோட்டைக் கலர் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதுவே குற்ற வழக்காகும்.

பராமரிப்பில் தவறுவது பெரும்பாலும் தூசியால். நோட்டுத் தூசி சென்சார் கண்ணாடியில் படிந்தால் மெஷின் ஒன்று எல்லாவற்றையும் நிறுத்தும், அல்லது எதையும் நிறுத்தாது. தினமும் கடை அடைக்கும்போது உலர்ந்த பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், ஈரத்துணி கூடாது. ரப்பர் உருளை தேய்ந்தால் இரண்டு நோட்டு சேர்ந்து இழுபடும், அப்போது உள்ளே இருப்பது சென்சாருக்குத் தெரியாது. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி, நோட்டு பிரிக்கும் மெஷின்களைக் காலாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும்படி வங்கிகளுக்குச் சொன்னது. வங்கி மெஷினுக்கே அது தேவையென்றால் கடை மெஷினுக்கும் தேவைதான். புது வடிவ நோட்டு வந்தால் மென்பொருளைப் புதுப்பித்துத் தருவார்களா என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள்.

மெஷினின் உண்மையான பலவீனம் வேறு. பெரும்பாலான கடைகளில் அதை இரவில், கல்லாவை எண்ணும்போதுதான் போடுகிறார்கள். அப்போது அது நின்றால், நட்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்ற செய்தி மட்டுமே கிடைக்கும். கொடுத்தவர் போய்ப் பல மணி நேரமாகியிருக்கும்.

எந்தக் கடைக்கு எது

மளிகை, காய்கறி, டீக்கடை: ஐந்நூறும் இருநூறும் வந்தால் சாய்த்துப் பார், நகத்தால் வருடு. இந்த இரண்டு பழக்கம் போதும், மூன்று நொடி. உதவிக்கு ஒரு லென்ஸ். மெஷினுக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீண். நாளுக்கு இருபது முப்பது ஐந்நூறு ரூபாய் வரும் கடையில் ஊழியருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பயன் தரும். பக்கத்தில் ஒரு நல்ல நோட்டை வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிடச் சீக்கிரம் பதியும்.

பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, இரவுக் கடைகள்: இதோடு 365 நானோமீட்டர் விளக்கு, மறைப்போடு. வரிசை நீளும் நேரத்தில்தான் கள்ளநோட்டு நுழையும். ஐந்நூறைக் கொடுத்துச் சிறிய தொகைக்கு வாங்கி மிச்சம் கேட்பவரிடம், சில்லறை எண்ணித் தரும் முன்பு நோட்டைப் பார்ப்பது என்று விதியே வைத்துவிடலாம்.

நகைக்கடை, ஜவுளிக்கடை, மொத்த வியாபாரம்: கட்டுக் கட்டாக வரும் இடத்தில் விரல் சோர்ந்துவிடும். இங்கே மெஷின் தேவை, மூன்று சென்சாரும் உள்ளது, வாடிக்கையாளர் பார்வையில் படும்படி. மெஷின் நிறுத்திய நோட்டை உடனே போலி என்று முடிவு கட்டாமல், சாய்த்தும் லென்ஸ் வைத்தும் பார்த்த பிறகே பேச வேண்டும். அதேபோல மெஷின் விட்ட கட்டிலும் நடுவிலிருந்து நாலைந்தை உருவிக் கையால் பாருங்கள்.

எந்த முறையானாலும் இரண்டு வதந்திகளை ஊழியர் மனதிலிருந்து நீக்கிவிடுங்கள். வரிசை எண்ணில் நட்சத்திரம் இருந்தால் போலி என்பது தவறு. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்கு மாற்றாக அடித்தவை அவை, முழுமையாகச் செல்லும். பச்சை இழை ஆளுநர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் காந்தியை ஒட்டி இருந்தால் போலி என்பதும் தவறு. இழையின் இடம் நோட்டுக்கு நோட்டுச் சற்று முன்னே பின்னே இருக்கும்.

போலி என்று தெரிந்தபின்

வாங்கும் முன் தெரிந்தால் சண்டை போடாமல் வேறு நோட்டுக் கேளுங்கள். கொடுத்தவரும் ஏமாந்தவராக இருக்கலாம். கல்லாவுக்குள் வந்தபின் தெரிந்தால், அடுத்தவர் தலையில் கட்ட மட்டும் முயலக் கூடாது. போலி என்று தெரிந்தே செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்கீழ் ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். செலவழிக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 180-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுவரை சிறை. நியாயமான வழியில் கைக்கு வந்தது என்று காட்ட முடிந்தால் அது குற்றமாகாது என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது.

வங்கியில் கொடுத்தால் அவர்கள் அதைத் திருப்பித் தரக் கூடாது, கிழித்துப்போடவும் கூடாது. முத்திரையிட்டுப் பறிமுதல் செய்து ரசீது தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட மறுத்தாலும் ரசீது தரவேண்டியது அவர்கள் கடமை, கேட்டு வாங்குங்கள். ஒரே பரிமாற்றத்தில் நான்கு வரை இருந்தால் மாத முடிவில் மொத்தமாகக் காவல்துறைக்கு அறிக்கை போகும். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே முதல் தகவல் அறிக்கைக்கு அனுப்புவார்கள். மொத்தமாகப் பணம் கட்டும் வியாபாரி வீட்டிலேயே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுப் போவது இதனால்தான் நல்லது. சந்தேகமான நோட்டைத் தனி உறையில் போட்டு, வந்த தேதி, நேரம், பில் எண் ஆகியவற்றை மேலே எழுதி வைத்துக்கொண்டால், கேள்வி வரும்போது பதில் சொல்ல அதுவே கைகொடுக்கும்.